பழைய விபி6 பில்லிங்கை சி ஷார்ப்புக்கு மாற்றினேன், 2021க்குப் பிறகு வந்த பில்களையே காணோம்

குடியாத்தம்_லுங்கி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் லுங்கி மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது அங்கே ஓடுவது யாரோ விபி6இல் (விஷுவல் பேசிக் 6 என்ற பழைய மொழி) எழுதியது. எழுதியவர் தொடர்பில் இல்லை, சோர்ஸ் கோடும் இல்லை, எக்ஸ்இ மட்டும்தான் இருக்கிறது. டேட்டா முழுக்க ஒரே ஒரு ஆக்சஸ் எம்டிபி கோப்பில். நான் சி ஷார்ப் விண்ஃபார்ம்ஸில், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8இல் புதிதாக எழுதி, அதே எம்டிபியைப் படிக்க வைத்திருக்கிறேன்.

முதலில் எம்டிபியைப் படிக்க உதவும் ஜெட் 4.0 புரொவைடர் ரெஜிஸ்டர் ஆகவில்லை என்று பிழை வந்தது. ஜெட் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு என்று படித்துவிட்டு எக்ஸ்86 பில்டு கொடுத்தேன், சரியாகிவிட்டது. அதற்கு அப்புறம் வந்ததுதான் புரியவில்லை.

பழைய புரோகிராமில் நேற்றுப் போட்ட பில் வரை தெரிகிறது. என்னுடையதில் 2021 ஆகஸ்ட் வரைதான். அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பில்கள், அவ்வளவே. இரண்டும் திறப்பது ஒரே ஃபோல்டரில் உள்ள ஒரே கோப்பை. அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துப் போய் ஆக்சஸிலேயே திறந்தேன், அங்கும் 2021 வரைதான். கம்பாக்ட் அண்டு ரிப்பேரும் செய்தாயிற்று.

போதாததற்கு, கடையில் பில்லை சேவ் செய்தால் 'ஆபரேஷன் மஸ்ட் யூஸ் அன் அப்டேட்டபிள் குவரி' என்கிறது. என் லேப்டாப்பில் ஒழுங்காக சேவ் ஆகிறது. கடைக்காரர் "பழசே நல்லாத்தானே இருந்தது" என்று ஆரம்பித்துவிட்டார்.

---

மக்கன்பேடா எழுதியது:

உன் லேப்டாப்பில் ஓடுகிறது இல்லையா? லேப்டாப்பைக் கடையில் வைத்துவிட்டு வந்துவிடு, பிரச்சினை தீர்ந்தது.

---

பாலாறு எழுதியது:

பழைய எக்ஸ்இ உண்மையில் எந்தக் கோப்பைத் திறக்கிறது என்று எப்படித் தெரியும்? சோர்ஸ் இல்லை என்கிறீர்கள். ஒடிபிசி டிஎஸ்என் (விண்டோஸில் பதிந்து வைக்கும் டேட்டாபேஸ் இணைப்பு விவரம்) வழியாக வேறு எங்காவது போகலாம், ரெஜிஸ்ட்ரியில் பாத் எழுதி வைத்திருக்கலாம். விபி6இல் சேவ்செட்டிங் என்று ஒன்று உண்டு, அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஊகிக்க வேண்டாம். சிஸ்இன்டர்னல்ஸின் பிராசஸ் மானிட்டரை இறக்கி, அந்த எக்ஸ்இயின் பெயருக்கு ஃபில்டர் போட்டு, ஒரு பில்லைத் திறந்து பாருங்கள். எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று வரி வரியாகக் காட்டும்.

இன்னொன்று. பிழைச் செய்தியை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். மெசேஜ் பாக்ஸ் திறந்திருக்கும்போது கன்ட்ரோல் சி அழுத்தினாலே முழு வாசகமும் காப்பி ஆகிவிடும். இது தெரியாமல் கேமராவில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம், அதுவும் பாதி வாசகம் வெளிச்சத்தில் மறைந்து போய்.

---

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

தம்பி, மூன்று கேள்வி. எம்டிபி இருப்பது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளா? 2021 ஆகஸ்டில் கடையில் கம்ப்யூட்டர் மாற்றினார்களா? பழைய எக்ஸ்இயை ரைட் கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்தால் என்ன தெரிகிறது?

மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அப்புறம் கோடைத் தொடு. கம்பாக்ட் அண்டு ரிப்பேர் எல்லாம் அசல் கோப்பில் செய்யாதே, காப்பியில் மட்டும் செய்.

---

குடியாத்தம்_லுங்கி எழுதியது:

அண்ணே, முதல் இரண்டுக்கும் ஆமாம். அதற்கு முன் எக்ஸ்பி வைத்திருந்தார்கள். 2021இல் விண்டோஸ் 10 போட்ட புது மெஷின் வாங்கி, பழைய ஃபோல்டரை அப்படியே புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86க்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார் சர்வீஸ் ஆள்.

மூன்றாவதுதான் தூக்கிவாரிப் போட்டது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் பழைய புரோகிராமும் 2021 வரைதான் காட்டுகிறது! சாதாரணமாகத் திறந்தால் நேற்று வரை. ஒரே எக்ஸ்இ, ஒரே கோப்பு.

---

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

ஒரே கோப்பு இல்லை. டேட்டா எங்கும் போகவில்லை, பயப்படாதே.

விஸ்டாவிலிருந்து சாதாரண யூசர் யாரும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. ஆனால் எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் எல்லாம் தன் எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே டேட்டாவை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தவை. தடை போட்டால் ஊரில் பாதி பில்லிங் நின்றுவிடும். அதனால் மைக்ரோசாஃப்ட் ஒரு வழி செய்தது. மேனிஃபெஸ்ட் (எந்த உரிமையோடு ஓட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத 32 பிட் புரோகிராம் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தக் கோப்பை அந்த யூசரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அதில் எழுதிவிடும். அடுத்த முறை படிக்கும்போதும் முதலில் அங்கேதான் பார்க்கும். புரோகிராமுக்கு இந்த விஷயமே தெரியாது.

புது மெஷினில் முதல் பில் போட்ட நிமிஷத்தில் அந்தக் காப்பி உருவாகியிருக்கும். அன்றிலிருந்து வியாபாரம் முழுக்க அங்கே. புரோகிராம் ஃபைல்ஸில் இருப்பது எக்ஸ்பியிலிருந்து வந்தபோது இருந்தது. நீ பென்டிரைவில் எடுத்துப் போனதும் அதுதான், ஏனென்றால் எக்ஸ்ப்ளோரருக்கு இந்த மாற்றிவிடும் வேலை கிடையாது, நிஜ ஃபோல்டரைத்தான் காட்டும்.

அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் மாற்றிவிடுவது நின்றுவிடும், நிஜக் கோப்பைப் பார்க்கும். நடுவில் தெரியும் சில பில்கள்? சர்வீஸ் ஆளோ வேறு யாரோ அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துவிட்டுப் போன நாட்களில் கடைக்காரர் அதிலேயே போட்ட பில்கள். அந்த நாட்களின் பில் எண்களைப் பார், 2021இல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயம் எழுதியே ஆக வேண்டும். பிரச்சினை வந்தால் உடனே "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்க சார்" என்று போனிலேயே வைத்தியம் சொல்கிறார்களே, அவர்களால் எத்தனை கடைகளின் கணக்கு இப்படி இரண்டாகக் கிடக்கிறதோ.

---

பாலாறு எழுதியது:

அருமை. என் ஊகம் தவறான திசையில் போனது, ஆனால் பிராசஸ் மானிட்டர் போட்டிருந்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்திருப்பார்.

சி ஷார்ப் பக்கம் ஏன் பிழை என்பதையும் சேர்த்துவிடுகிறேன். விஷுவல் ஸ்டூடியோ இப்போது பில்டு செய்யும்போதே எக்ஸ்இக்குள் ஒரு மேனிஃபெஸ்ட்டை வைத்துவிடும். அது இருந்தால் விர்ச்சுவல்ஸ்டோர் சலுகை கிடையாது. எனவே உங்கள் புரோகிராம் நிஜக் கோப்பைத் திறக்கிறது. அந்த ஃபோல்டரில் எழுத உரிமை இல்லாததால் ஜெட் அதைப் படிக்க மட்டும் திறக்கிறது. சேவ் செய்யும்போது 'அப்டேட்டபிள் குவரி' என்று திட்டுகிறது. குவரியில் தப்பே இல்லை. இந்த வாசகத்தைப் பார்த்துவிட்டு எஸ்க்யூஎல்லைத் திருத்தி நாளைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய, அது பெரும்பாலும் ஃபோல்டர் பர்மிஷன் பிரச்சினைதான். உங்கள் லேப்டாப்பில் விஷுவல் ஸ்டூடியோவின் டீபக் ஃபோல்டரிலிருந்து ஓடியதால் வரவில்லை.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் டேப், நெடுவரிசைத் தலைப்பில் ரைட் கிளிக், செலக்ட் காலம்ஸ், அதில் யுஏசி விர்ச்சுவலைசேஷன். பழைய எக்ஸ்இக்கு நேரே 'எனேபிள்டு' என்று இருக்கும், உங்களுடையதற்கு இருக்காது.

---

குடியாத்தம்_லுங்கி எழுதியது:

இருக்கிறது அண்ணே, இருக்கிறது! விர்ச்சுவல்ஸ்டோருக்குள் நேற்று இரவு வரை எல்லாம் இருக்கிறது. கடைக்காரரிடம் சொன்னதும் "அதான் சொன்னேனே, பழசுல எல்லாம் இருக்குன்னு" என்றார்.

ஆனால் சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்று. அவர் மகனுக்கு அதே மெஷினில் தனி லாகின் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்தான் கடையில் இருப்பார். அவர் லாகினிலும் ஒரு விர்ச்சுவல்ஸ்டோர், அதிலும் ஒரு எம்டிபி. ஆக மூன்று கோப்பு, மூன்றிலும் வேறு வேறு பில்கள், எண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அப்பெண்டு செய்துவிடலாமா?

---

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

கூடாது. 2021 வரையிலான பில்கள் மூன்றிலும் இருக்கின்றன, அப்பெண்டு செய்தால் மும்மடங்காகும்.

மகனின் கோப்பில் இன்னொரு வம்பு உண்டு. அது அவர் முதன்முதலில் அந்த லாகினில் பில் போட்ட அன்று, நிஜக் கோப்பிலிருந்து பிரிந்தது. அதற்குள் நிஜக் கோப்பில் சில அட்மினிஸ்ட்ரேட்டர் பில்கள் சேர்ந்திருந்தால் அவையும் அதில் வந்திருக்கும். அதனால் தேதியை வைத்து "2021க்குப் பின் எல்லாம் புதிது" என்று வெட்டவும் முடியாது.

மூன்று கோப்பையும் முதலில் வேறு டிரைவில் பத்திரமாக எடுத்து வை. பிறகு கடைக்காரரின் கோப்பை அடிப்படையாக எடுத்துக்கொள், அதில்தான் அதிகம் இருக்கிறது. மற்ற இரண்டிலும் ஒவ்வொரு பில்லையும் எண், தேதி, பார்ட்டி, தொகை நான்கும் சேர்த்து ஒப்பிடு. நான்கும் ஒன்றானால் அது பொதுவான பில், விட்டுவிடு. எண் மட்டும் ஒன்றாகி மற்றவை வேறானால் அது தனி பில், சேர்த்துக்கொள். புது டேபிளில் பில் எண்ணைப் பிரைமரி கீயாக (ஒரே மதிப்பு இரண்டு முறை வர முடியாத அடையாளமாக) வைக்காதே. தனியாக ஒரு ஐடி, கூடவே எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று ஒரு ஃபீல்டு. பார்ட்டியிடம் போன பில்லில் அச்சான எண் அது, நம் வசதிக்கு அதை மாற்ற முடியாது.

பாக்கித் தொகை டேபிளைத் தொடவே தொடாதே. மூன்று கோப்பிலும் பாக்கி தவறாகத்தான் இருக்கும். பில்லையும் வரவையும் சேர்த்த பிறகு புதிதாகக் கணக்கிடு, நோட்டோடு ஒத்துப்பார்.

---

ராணிப்பேட்டை_எடைமேடை எழுதியது:

நடுவில் நுழைகிறேன். சிப்காட் பக்கம் லாரி எடைமேடைக்கு சி ஷார்ப்பில் ஒரு புரோகிராம். சீரியல் போர்ட்டிலிருந்து எடை வருகிறது. 12450 கிலோ வண்டிக்குச் சில சமயம் திரையில் 12 என்று வந்து, உடனே 450 என்று மாறுகிறது. அந்த நொடியில் ஆபரேட்டர் சேவ் அழுத்தினால் 450 கிலோ லாரி! இன்னொன்று, விண்டோவை மூடினால் அப்படியே உறைந்து போகிறது, டாஸ்க் மேனேஜரில்தான் கொல்ல வேண்டும்.

---

பாலாறு எழுதியது:

தனி இழை போட்டிருக்கலாம், பரவாயில்லை.

டேட்டாரிசீவ்டு ஈவென்ட் என்பது "ஒரு எடை முழுசாக வந்துவிட்டது" என்ற செய்தி இல்லை, "ஏதோ சில பைட்டுகள் வந்திருக்கின்றன" என்பது மட்டுமே. வந்ததை ஒரு பஃபரில் சேர்த்துக்கொண்டே போங்கள். இண்டிகேட்டர் (எடையைக் காட்டி அனுப்பும் கருவி) ஒவ்வொரு எடைக்கும் கடைசியில் அனுப்பும் முடிவுக் குறி வந்த பிறகுதான் அதை ஓர் எடையாக எடுக்க வேண்டும். பெரும்பாலும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீடு. உங்கள் இண்டிகேட்டரின் மேனுவலில் இருக்கும். எடை நிலைத்துவிட்டதா என்பதற்கும் பல இண்டிகேட்டர்கள் ஓர் எழுத்து அனுப்பும், அதைப் பார்க்காமல் சேவ் பட்டனைத் திறந்துவிடாதீர்கள்.

உறைவதற்குக் காரணம் இன்வோக், அதாவது மெயின் திரெட்டிடம் ஒரு வேலையைக் கொடுத்து அது முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு. அந்த ஈவென்ட் வேறு திரெட்டில் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இன்னொரு வேலை வரிசை) வருகிறது. அங்கிருந்து லேபிளை நேரடியாக மாற்றினால் 'கிராஸ் திரெட் ஆபரேஷன் நாட் வேலிட்' என்று வரும், அதனால் இன்வோக் போட்டிருப்பீர்கள். மூடும்போது மெயின் திரெட் போர்ட்டின் குளோஸ் முடியட்டும் என்று காத்திருக்கிறது, குளோஸ் அந்த ஈவென்ட் முடியட்டும் என்று காத்திருக்கிறது, ஈவென்ட்டோ இன்வோக்கில் மெயின் திரெட்டுக்காகக் காத்திருக்கிறது. "நீங்க முதல்ல போங்க, இல்ல நீங்க போங்க" என்று வாசலிலேயே நிற்கும் சம்பந்திகள் மாதிரி. இன்வோக்கைப் பிகின்இன்வோக் ஆக்குங்கள், அது காத்திருக்காது. மூடிய பிறகு வந்து சேரும் அழைப்பை ஃபார்ம் டிஸ்போஸ் ஆகிவிட்டதா என்று பார்த்துத் தள்ளிவிடுங்கள்.

செக்ஃபார்இல்லீகல்கிராஸ்திரெட்கால்ஸை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லி யாராவது வருவார்கள். செய்யாதீர்கள். பிழைச் செய்திதான் மறையும், பிழை அங்கேயே இருக்கும்.

---

குடியாத்தம்_லுங்கி எழுதியது:

சேர்த்து முடித்தேன். தொகை ஒத்துப்போகாமல் நின்ற சில பில்களைக் கடையில் இருந்த பில் காப்பியை வைத்துச் சரிபார்த்தாயிற்று. இப்போது வேறு தலைவலிகள்.

ஒன்று, பார்ட்டி பெயர்களில் தமிழில் இருந்தவை எல்லாம் ஏதோ ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா? இரண்டு, பழைய பில்லை என் புரோகிராமில் மறுபடி அச்சடித்தால் சிலவற்றில் ஒரு ரூபாய் குறைகிறது. மூன்று, தினசரி வசூல் ரிப்போர்ட் மாத ஆரம்பத்தில் தப்பாக வருகிறது, 13ஆம் தேதியிலிருந்து தானாகச் சரியாகிவிடுகிறது. இதில் எனக்கு ஜோசியம் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

---

மக்கன்பேடா எழுதியது:

மூன்றாவதுக்கு ஜோசியர் வேண்டாம், நானே போதும். எஸ்க்யூஎல் வாசகத்தில் தேதியை இரண்டு ஹேஷ் குறிக்கு நடுவே ஒட்டியிருக்கிறாய். ஜெட் அதை அமெரிக்க முறையில் மாதம் முதலில் என்று படிக்கும். 05/03 என்றால் மே 3. 13/03 என்றால் 13ஆவது மாதம் கிடையாதே என்று பெருந்தன்மையாகத் திருப்பிப்போட்டுப் படித்துக்கொள்ளும். அந்தப் பெருந்தன்மைதான் வினை. ஒட்டாதே, பாராமீட்டராகக் கொடு.

---

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

ஒரு ரூபாய் விஷயம்: 250 ரூபாய் லுங்கி, 5 சதவீதம் ஜிஎஸ்டி 12.50, மொத்தம் 262.50. பழைய புரோகிராம் அநேகமாக விபி6இன் ஃபார்மேட்டைப் பயன்படுத்தியிருக்கும், அது 263 என்று காட்டும். நீ மேத் ரவுண்டு போட்டிருப்பாய். அது சரிபாதியாக வந்தால் அருகில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், 262. மிட்பாயின்ட்ரவுண்டிங்கில் அவேஃப்ரம்ஜீரோ கொடு. பணத்துக்கு டபுள் வைத்திருந்தால் அதையும் டெசிமல் ஆக்கு. அதைவிட முக்கியம், பழைய பில்லை மறுபடி அச்சடிக்கும்போது கணக்குப் போடவே கூடாது. அன்று அச்சான தொகையைச் சேமித்து வைத்து அதையே எடு.

---

தமிழ்ப்பில் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். கோப்பு கெடவில்லை. விபி6இன் சொந்த கன்ட்ரோல்கள் யூனிகோடைக் காட்டாது, தமிழ் கொடுத்தால் கேள்விக்குறிகள்தான். அதனால் அந்தக் காலத்தில் டாப், டிஸ்கி, பாமினி என்று ஏதாவது ஓர் எழுத்துருவைப் போட்டு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ ஐரோப்பிய எழுத்துகளின் இடத்திலோ தமிழை வரைந்துகொண்டார்கள். எம்டிபியில் இருப்பது அந்த எழுத்துகள். பழைய மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் எது இருக்கிறது என்று பாருங்கள், எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒரே முறை யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

எழுத்துக்கு எழுத்து ரீப்ளேஸ் போட்டால் போதாது. அந்த முறைகளில் கொம்பு முன்னால் இருக்கும், கண்ணுக்குத் தெரியும் வரிசையில். பெருமாள் என்றால் முதலில் கொம்பு, பிறகு ப. யூனிகோடில் முதலில் ப, பிறகு கொம்பு. 'கோ' என்றால் கொம்பு, க, கால் மூன்றையும் சேர்த்து எடுத்து, க அடுத்து ஓகாரக் குறி என்று மாற்ற வேண்டும். மூன்று துண்டாக வருபவற்றை முதலில் மாற்றுங்கள், பிறகு இரண்டு துண்டு, கடைசியில் தனி எழுத்து.

மாற்றிய பிறகு தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. கோபால் என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் குறியீட்டு எண்களை நேராக ஒப்பிடும் ஆர்டினல் ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு ஆள். சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும், இரண்டையும் ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் ஃபார்ம்சி போட்டுவிடுங்கள்.

---

குடியாத்தம்_லுங்கி எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. டாப் எழுத்துருதான் இருக்கிறது. தெர்மல் பிரிண்டரில் தமிழ்ப் பெயர் வராமல் குப்பையாக வருகிறதே, அதற்கும் இதுதான் காரணமா? பெயர் இருக்கும் வரிகளில் தொகையும் நேராக நிற்பதில்லை.

---

தமிழ்ப்பில் எழுதியது:

இல்லை, அது வேறு. மலிவான தெர்மல் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. பெயர் வரியை ஒரு பிட்மேப்பாக வரைந்து படமாக அனுப்புங்கள். 80 மில்லிமீட்டர் பேப்பர் என்றால் பொதுவாக 576 புள்ளி அகலம், 58 மில்லிமீட்டருக்கு 384. நிர்மலா யுஐ எழுத்துரு விண்டோஸ் 8இலிருந்தே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

நேராக நிற்காததற்குக் காரணம் பேட்ரைட், அதாவது எழுத்து எண்ணிக்கையைப் பார்த்து இடைவெளி நிரப்புவது. வேலூர் என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, ஸ்ட்ரிங்கின் லெங்த்தைக் கேட்டால் 6 என்று சொல்லும். ஏகாரக் குறி, ஊகாரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதை நம்பி இடைவெளி நிரப்பாதீர்கள். எப்படியும் படமாக வரையப் போகிறீர்கள், தொகையை வலது ஓரத்திலிருந்து பிக்ஸல் கணக்கில் வரைந்துவிடுங்கள்.

பார்ட்டி விலாசத்தில் மாவட்டம் டிராப் டவுனாக இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். நான் மாற்றிக் கொடுத்த ஒரு புரோகிராமில் பட்டியல் கோடுக்குள்ளேயே எழுதப்பட்டு வட ஆற்காடு அம்பேத்கர் என்று இருந்தது! 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி பார்ட்டிகள் திருப்பத்தூர், ஆற்காடு, வாலாஜா பார்ட்டிகள் ராணிப்பேட்டை. குடியாத்தம் வேலூரிலேயே இருக்கிறது. இதை டேபிளில் வையுங்கள்.

---

ராணிப்பேட்டை_எடைமேடை எழுதியது:

பிகின்இன்வோக் போட்டேன், உறைவது நின்றுவிட்டது. இண்டிகேட்டர் கேரேஜ் ரிட்டர்ன் மட்டும்தான் அனுப்புகிறது, லைன் ஃபீடு இல்லை. ரீட்லைன் லைன் ஃபீடுக்காகக் காத்திருந்ததால்தான் அதை முன்பு கைவிட்டிருந்தேன். நியூலைன் பிராப்பர்ட்டியை மாற்றியதும் எடை முழுதாக வருகிறது. நன்றி.

---

குடியாத்தம்_லுங்கி எழுதியது:

பில் தமிழில் வந்துவிட்டது. கடைக்காரர் தன் பெயரை அதில் பார்த்துவிட்டு இன்னொரு காப்பி அடிக்கச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து புதியதில் பில் போடப் போகிறார்கள். எம்டிபியை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள் அண்ணே.

---

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

புரோகிராம்டேட்டாவுக்குள் கடைக்கென்று ஒரு ஃபோல்டர். ஆனால் அப்படியே விட்டால் அப்பா உருவாக்கிய கோப்பை மகன் லாகினில் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது, மறுபடி அதே 'அப்டேட்டபிள் குவரி' வரும். இன்ஸ்டால் செய்யும்போதே அந்த ஃபோல்டருக்கு யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை உரிமை கொடுத்துவிடு. இரண்டு லாகினிலும் ஆளுக்கொரு பில் போட்டு, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரிகிறதா என்று பார்.

கிளம்பும் முன் இரண்டு டெஸ்க்டாப்பிலிருந்தும் பழைய ஷார்ட்கட்டை எடுத்துவிடு, பழைய எக்ஸ்இயின் பெயரையும் மாற்று. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து பழக்கத்தில் அதையே திறந்து பில் போடுவார்.

---

மக்கன்பேடா எழுதியது:

டாஸ்க்பாரில் பின் செய்து வைத்திருப்பார், அதையும் பார்.

---

குடியாத்தம்_லுங்கி எழுதியது:

இருந்தது! எடுத்துவிட்டேன்.